விட்பி அம்மோனைட்டுக்கு யூட்டா ட்ரைலோபைட், வயோமிங் மீன், ஃப்ளோரிடா சுறாப்பல்: மாற்றிக்கொள்வது எப்படி?

கேள்வி: வடகடல்

வணக்கம். இங்கிலாந்தின் யார்க்‌ஷைர் கரையில், விட்பி, சால்ட்விக் பே பக்கம் பொறுக்கிய ஃபாசில்கள் (கல்லாகிப்போன பழங்கால உயிர்கள்) கூடுதலாகச் சேர்ந்துவிட்டன. எல்லாம் கரையில் உதிர்ந்து கிடந்த உருண்டைக் கற்களில் இருந்தவை. அந்தக் கரை பாதுகாக்கப்பட்ட இடம் என்பதால் பாறை முகப்பில் சுத்தியல் வைக்கவில்லை.

தரக்கூடியவை: டாக்டிலியோசெரஸ் கம்யூனே என்ற அம்மோனைட் (சுருள் ஓடுள்ள, அழிந்துபோன கடல் உயிர்) பன்னிரண்டு, 5 முதல் 8 செ.மீ விட்டம், ஏர் பென்னால் (காற்றழுத்தத்தில் இயங்கும் செதுக்குப் பேனா) சுத்தம் செய்தவை. ஹில்டோசெரஸ் பைஃப்ரான்ஸ் என்ற இன்னொரு அம்மோனைட் மூன்று, 9 செ.மீ அளவில், ஒன்றில் உள்சுருள் நசுங்கியிருக்கிறது. இவை தவிர டார்செட்டில் சார்மவுத் கரையில் கிடைத்த பைரைட் அம்மோனைட்டுகள் ஒரு சிறு டப்பா, ஒவ்வொன்றும் 1–2 செ.மீ.

வேண்டியவை: அமெரிக்காவிலிருந்து யூட்டாவின் எல்ரேதியா ட்ரைலோபைட் (பழங்காலக் கடல் கணுக்காலி), வயோமிங்கின் நைட்டியா மீன், ஃப்ளோரிடா பீஸ் ஆற்றின் மெகலடான் (அழிந்துபோன பெரிய சுறா) பல் ஒன்று.

விற்கும் எண்ணம் இல்லை, மாற்று மட்டும்தான். எதற்கு எது சமம்? முதலில் யார் அனுப்புவது? சுங்கத் தாளில் என்ன எழுதுவது? எதிர்த்தரப்பு தருவது சட்டப்படி எடுத்ததுதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில் 1: சுண்ணாம்புப்பாறை

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அது சரியாக இல்லையென்றால் மற்ற மூன்றுக்கும் அர்த்தமில்லை.

அமெரிக்காவில் நிலம் யாருடையது என்பதே முதல் கேள்வி. மத்திய அரசு நிலத்துக்கு 2009ஆம் ஆண்டின் தொல்லுயிர் வளப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். முதுகெலும்பிகளை அனுமதி பெற்ற ஆய்வாளர்கள் மட்டுமே எடுக்கலாம். சாதாரண முதுகெலும்பில்லா உயிர்களையும் தாவரங்களையும் நில மேலாண்மைத் துறை நிலத்திலும் வனத்துறை நிலத்திலும் சொந்தச் சேகரிப்புக்காக ஓரளவு எடுத்துக்கொள்ளலாம். ஆனால் விற்கக்கூடாது, பண்டமாற்றும் செய்யக்கூடாது. பலர் கோட்டைவிடும் இடம் இதுதான். 'காசு கைமாறவில்லையே' என்பது அங்கே செல்லாது. கல்மரத்துக்கும் வரம்பு உண்டு: ஒரு நாளைக்கு 25 பவுண்டும் ஒரு துண்டும், ஆண்டுக்கு 250 பவுண்டு வரை எடுக்கலாம், வணிகர்களுக்கு விற்கவோ பண்டமாற்றவோ முடியாது. தேசியப் பூங்காக்களில் எதையுமே தொடக்கூடாது.

நீங்கள் கேட்ட மூன்றுக்கும் நேர்வழி இருக்கிறது. எல்ரேதியா, மில்லார்ட் கவுண்டியில் ஹவுஸ் ரேஞ்ச் மலைப்பக்கம் வீலர் ஷேல் என்ற பாறை அடுக்கில் வருவது. வயது சுமார் 50 கோடி ஆண்டு. அங்கே கட்டணம் கட்டித் தோண்டும் குவாரி உண்டு. நைட்டியா, கெம்மரர் ஊரைச் சுற்றியுள்ள கிரீன் ரிவர் பாறையில் வருவது, சுமார் 5.2 கோடி ஆண்டு. அங்கும் கட்டணக் குவாரிகள் இருக்கின்றன. எந்தக் குவாரி, எந்த ஆண்டு என்று கேளுங்கள். நேர்மையானவர் ஒரே வரியில் பதில் சொல்லிவிடுவார். 'யூட்டா பாலைவனத்தில் கிடைத்தது' என்று மட்டும் பதில் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

ஃப்ளோரிடாவில் ஆற்றுப்படுகை மாநிலத்துக்குச் சொந்தம். முதுகெலும்பி ஃபாசில் எடுக்க ஃப்ளோரிடா இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் தரும் அனுமதி வேண்டும். எடுத்தவற்றை அவர்களுக்குத் தெரிவிக்கவும் வேண்டும். சுறாப்பல்லுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. மெகலடான் பல் கேட்பதில் சிக்கல் இல்லை. அதே ஆற்றிலிருந்து மாமத் கடைவாய்ப்பல்லோ குதிரைப்பல்லோ சேர்த்துத் தருகிறேன் என்றால் அனுமதி எண்ணைக் கேளுங்கள்.

இனி மதிப்பு. விற்பனைத் தளங்களில் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள். விற்று முடிந்த விலையைப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவே பாதிக்குப் பாதி வித்தியாசம் இருக்கும். இரு பக்கமும் தனித்தனியே ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு தொகை எழுதி, ஒரே நேரத்தில் காட்டிக்கொள்ளுங்கள். மொத்தம் 10–15 விழுக்காட்டுக்குள் வந்தால் பேரம் பேசாமல் முடித்துவிடலாம். தபால் செலவு அவரவருடையது.

என் கணக்கில், சுருள் முழுசாக உள்ள 6 செ.மீ டாக்டிலியோசெரஸ் ஒன்றுக்கு 2 செ.மீ எல்ரேதியா மூன்று நான்கு கேட்கலாம். அல்லது வால்துடுப்பு சேதமில்லாத 8–10 செ.மீ நைட்டியா ஒன்று. எல்ரேதியாவில் கன்னத் தகடுகள் இரண்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பெரும்பாலானவை தோல் உரித்துப் போட்ட ஓடுகள் என்பதால் கன்னம் கழன்றே கிடைக்கும். கன்னம் இருப்பது வேறு விலை, 3 செ.மீ தாண்டினாலும் வேறு விலை.

மெகலடானில் அளவு கூடக்கூட விலை நேர்கோட்டில் ஏறாது, 4 அங்குலத்துக்கு மேல் தாவும். பீஸ் ஆற்றில் உருண்டு வருபவை பெரும்பாலும் சிறியவை, தேய்ந்தவை. 2 அங்குலப் பல், ரம்ப விளிம்பு பாதியாவது கூர்மையாக இருந்தால், உங்கள் நல்ல ஹில்டோசெரஸ் ஒன்றுக்கு நியாயமான மாற்று. பல்லை அளப்பது நுனியிலிருந்து வேரின் தொலைவான மூலை வரை, சாய்வாக. இரு பக்கமும் ஒரே முறையில் அளக்கிறீர்களா என்று முதலிலேயே பேசிவிடுங்கள். நசுங்கிய உள்சுருள் உள்ளதைக் கணக்கில் சேர்க்காமல் கூடுதலாகப் போட்டுவிடுங்கள். அடுத்த மாற்றுக்கு அதுவே வழி திறக்கும்.

பதில் 2: இயூரா

பெட்டிக்குள் வைப்பதற்கு முன்னால் இரண்டு வேலை இருக்கிறது.

ஒன்று உப்பு. கடற்கரை உருண்டையில் உப்பு ஊறியிருக்கும். நன்னீரில் போட்டு, சில நாளுக்கு ஒருமுறை நீரை மாற்றி, சில வாரம் விடுங்கள். பிறகு நிழலில் மெதுவாக உலர்த்துங்கள். இதைச் செய்யாவிட்டால் வறண்ட ஊருக்குப் போனதும் உப்பு படிகமாகி வெளியே தள்ளும். ஓட்டின் மேல்தோல் செதில் செதிலாக உரியும். வாங்கியவர் உங்களைத்தான் கேட்பார்.

இரண்டாவது, அந்தச் சார்மவுத் பைரைட் டப்பா. ஃப்ளோரிடாக்காரருக்கு அதைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். பைரைட் என்பது இரும்பு சல்ஃபைடு. காற்றின் ஈரப்பதம் 60 விழுக்காட்டைத் தாண்டினால் அது வேகமாக ஆக்சிஜனோடு சேர்ந்து இரும்பு சல்ஃபேட்டாகவும் கந்தக அமிலமாகவும் மாறும். வெளிர் மஞ்சளாகவோ சாம்பல் வெள்ளையாகவோ பொடி பூக்கும், கந்தக நெடி வரும், அட்டைப்பெட்டியும் லேபிளும் கருகும், கடைசியில் ஃபாசிலே பொடியாகிவிடும். யூட்டா, வயோமிங் போன்ற வறண்ட இடத்துக்காரருக்குத் தரலாம், அதுவும் நிலையைச் சொல்லிவிட்டு.

பைரைட்டை நீரில் வாரக்கணக்கில் ஊறவிடக் கூடாது. சில நாள் நன்னீர், தினம் நீர் மாற்றம், அப்புறம் அசிட்டோனில் முக்கி ஈரத்தை வெளியேற்றுங்கள். நன்கு உலர்ந்தபின் 100 மில்லி அசிட்டோனில் 5 கிராம் பாரலாய்ட் பி-72 (அக்ரிலிக் பிசின்) கரைத்து மெல்லியதாகப் பூசலாம். பூச்சு இந்தச் சிதைவைத் தடுக்காது, தள்ளிப்போடும்; அவ்வளவுதான். காப்பது வறட்சிதான். மூடி இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள், 40 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கட்டும். ஏற்கெனவே பொடி பூத்தது எதுவும் மாற்றுக்கு உரியதல்ல. அதைத் தனியே எடுத்து வையுங்கள். மற்றவற்றையும் அமிலம் கெடுக்கும்.

கட்டும் முறை: ஃபாசிலை முதலில் மெல்லிய டிஷ்யூ தாளில் சுற்றுங்கள். பஞ்சு நேராகப் படக்கூடாது, இழை ஓட்டின் விலா மேடுகளில் மாட்டிப் பிய்க்கும். அதன்மேல் பபிள் ராப், குமிழ்கள் வெளிப்பக்கம் பார்க்க. உள்ளே பார்த்தால் குமிழ் கூர்மையான இடத்தில் அழுத்திவிடும். பிறகு ஒவ்வொன்றுக்கும் தனியாகக் கெட்டியான சிறு பெட்டி. பெரிய பெட்டியில் கனமானது அடியில், ஆறு பக்கமும் 5 செ.மீ மெத்தை. இரண்டாகப் பிளந்த உருண்டை என்றால் இரு பாதியையும் பொருத்தி வைத்து அனுப்பக்கூடாது. வழியெல்லாம் உரசி, அச்சும் போகும் ஓடும் போகும். மூடியபின் குலுக்கிப் பாருங்கள். ஓசை கேட்டால் மறுபடி கட்டுங்கள்.

நைட்டியா அனுப்புபவரிடம் இதையும் சொல்லுங்கள்: மீன் பலகை பெரும்பாலும் விரல் கனம்கூட இருக்காது. எல்லாப் பக்கமும் 2 செ.மீ பெரிதான இரண்டு ஃபோம் பலகைகளுக்கு நடுவே வைத்து, பலகைகளை ஒன்றோடொன்று டேப் ஒட்ட வேண்டும். டேப் கல்லில் படக்கூடாது. பேப்பர் சுருளை மட்டும் நம்பி அனுப்பியது நடுவில் முறிந்துதான் வரும்.

பதில் 3: ஒன்டாரியோ_தமிழன்

தம்பி, பாசல் விஷயம் நான் சொல்லுறன்.

உங்கட பக்கம் ரோயல் மெயிலில சர்வதேச ட்ராக்ட் சேவையில சின்னப் பாசல் 2 கிலோவுக்கு மேல போகேலாது. நீளம், அகலம், உயரம் மூண்டையும் கூட்டினா 90 செ.மீக்குள்ள இருக்க வேணும். உருண்டைக் கல் எல்லாத்தையும் ஒரு பெட்டியில அடுக்காமல் ரெண்டாப் பிரியுங்கோ. ஒண்டு துலைஞ்சாலும் மற்றது தப்பும். முதல் வேலையா தேவையில்லாத கல்லை வெட்டிக் குறையுங்கோ. அம்மோனைட்டைச் சுத்தி ரெண்டு சென்ரிமீற்றர் கல்லுக் காணும். மிச்சத்துக்கு நீங்கள் குடுக்கிறது வெறும் தபால் காசு.

சுங்கத் தாளில 'பரிசு' எண்டு எழுதாதேங்கோ. மாத்துக்கு மாத்து பரிசு இல்லை. 'மதிப்பில்லை' எண்டும் போடாதேங்கோ, அதைத்தான் பிரிச்சுப் பாப்பினம். ரெண்டு பேரும் பேசி வைச்ச உண்மையான தொகையைப் போடுங்கோ. காப்புறுதி கேக்கேக்கயும் அந்தத் தொகைதான் உதவும். விவரத்தில 'கல்லில் உள்ள அம்மோனைட் ஃபாசில், ஜுராசிக், தனியார் சேகரிப்புக்கு' எண்டு இங்கிலீசில தெளிவா எழுத வேணும். 'பழம்பொருள்' எண்ட சொல் வேண்டாம். அதே மாதிரி சுறாப்பல் அனுப்புறவர் 'பல்' எண்டு மட்டும் எழுதினா வனவிலங்குக்காரரிட்டப் போகும். 'ஃபாசில் பல், அழிந்துபோன சுறா' எண்டு எழுதச் சொல்லுங்கோ. சுங்க வகைப்பாட்டில தொல்லுயிர்ச் சேகரிப்புப் பொருளுக்குத் தலைப்பு எண் 9705. அது தாளில இருந்தா, பிரித்தானியாவுக்குள்ள வாறதுக்கு இறக்குமதி வற் (VAT) வரி 5 வீதம்தான். இல்லாட்டி வழமையான 20 வீதத்தில போட்டுவிடுவினம். அமெரிக்காப் பக்கம் 800 டொலர் வரைக்குமான சுங்கவரி விலக்கை 2025 ஓகஸ்ட் 29இல இருந்து நிப்பாட்டினவை, அதால அனுப்ப முதல் அண்டைய விதியைப் பாக்கச் சொல்லுங்கோ, ஆர் கட்டுறது எண்டும் முடிவெடுங்கோ.

மண் ஒட்டியிருக்கக் கூடாது. கல் பிரச்சினை இல்லை, மண்ணுக்குத் தடை. களிமண், பாசி, வேர் எல்லாத்தையும் பிரஷ் போட்டுக் கழுவுங்கோ.

ஆர் முதல் அனுப்புறது எண்டதுக்கு இங்க இருக்கிற வழமை: புது ஆள், முந்தி மாத்தின பதிவு உள்ள ஆளுக்கு முதலில அனுப்புவார். ரெண்டு பேரும் புதுசு எண்டா ஒரே நாளில ரெண்டு பேரும் தபால் கந்தோருக்குப் போய், ரசீதையும் ட்ராக்கிங் எண்ணையும் மாத்திக்கொள்ள வேணும். முதல் தரம் சின்னதாச் செய்யுங்கோ: ரெண்டு டாக்டிலியோசெரஸ், அதுக்குச் சமனான எல்ரேதியா. ஹில்டோசெரஸையும் மெகலடானையும் ரெண்டாம் சுற்றுக்கு வைச்சிருங்கோ. உடைஞ்சு வந்தா என்ன செய்யிறது எண்டதையும் முதலே எழுதி வையுங்கோ. பெட்டி பிரிக்கேக்க படம் எடுத்து 48 மணித்தியாலத்துக்குள்ள சொல்ல வேணும், சரியாக் கட்டாதவர் பொறுப்பு எண்டு வைச்சால் பிறகு சண்டை வராது.

வடகடல்

மூவருக்கும் நன்றி. பைரைட் டப்பாவை இந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். இன்னும் மூன்று சந்தேகம். ஒருவர் நைட்டியாவோடு மொராக்கோவின் முள் ட்ரைலோபைட் ஒன்றும் தருவதாகச் சொல்கிறார், படம் மட்டும் வந்திருக்கிறது. அசலா என்று எப்படிப் பார்ப்பது? லேபிளில் என்னென்ன இருக்க வேண்டும்? இன்னொருவர் அரியலூர் அம்மோனைட் கிடைக்குமா, ஊரில் யாரிடமாவது சொல்லி வாங்கித் தர முடியுமா என்று கேட்கிறார்.

சுண்ணாம்புப்பாறை

மொராக்கோ துண்டு என்றால் ஒரு படம் போதாது. பகல் வெளிச்சத்தில், செ.மீ அளவுகோல் பக்கத்தில் வைத்து, மேல், பக்கவாட்டு, அடிப்பக்கம், கண்ணின் அண்மைப்படம், இருட்டில் புற ஊதா விளக்கில் ஒன்று என்று ஐந்து கேளுங்கள். பசையும் ரெசினும் பெரும்பாலும் நீலவெள்ளையாக ஒளிரும், சுண்ணாம்புக்கல் பொதுவாக அப்படி ஒளிராது. 10 மடங்கு லென்ஸில் சின்னச் சின்ன வட்டக் குழிகள் தெரிந்தால் அவை காற்றுக்குமிழ்கள், வார்ப்பு. ஃபேகாப்ஸ் வகை ட்ரைலோபைட்டின் கண்ணில் ஒவ்வொரு லென்ஸும் தனித்தனியாகப் பிரிந்து நிற்க வேண்டும்; மழுங்கி ஒட்டியிருந்தால் நம்பாதீர்கள். நம்பிக்கை தரும் அடையாளம் ஒன்று உண்டு: அசல் கல்லை வெட்டித்தான் உள்ளே இருப்பதை எடுப்பார்கள், அதனால் ஒட்டிய விரிசல் கோடு கல்லிலும் ட்ரைலோபைட்டிலும் தொடர்ந்து ஓடும். கோடு உடலருகே வந்ததும் நின்றுவிட்டால் உடலைத் தனியாகக் கொண்டுவந்து பதித்திருக்கிறார்கள்.

முள் ட்ரைலோபைட்டில் சில முட்கள் சீர்செய்யப்பட்டிருப்பது குற்றமில்லை. எத்தனை முள், எது என்று சொல்லாததுதான் குற்றம். நைட்டியாவிலும் பாருங்கள்: வாலும் துடுப்பும் வரைந்து கருமையாக்கிய துண்டுகள் உண்டு. ஓரத்தில், கண்ணில் படாத இடத்தில், ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் மெல்லத் தொட்டால் சாயம் ஒட்டிக்கொண்டு வரும். தருபவரே இதைச் செய்து படம் அனுப்பட்டும்.

இயூரா

லேபிளைப் பற்றி. நீங்கள் உண்மையில் மாற்றிக்கொள்வது கல்லையும் அந்தச் சீட்டையும் சேர்த்துத்தான். சீட்டு தொலைந்த டாக்டிலியோசெரஸ் மேசை அலங்காரம் மட்டுமே. உங்களுடையதற்கு பெயர், அளவு, பாறை அடுக்கு, காலம், இடம், கிடைத்த விதம், செய்த வேலை என்ற வரிசையில் இப்படி எழுதலாம்:

டாக்டிலியோசெரஸ் கம்யூனே, விட்டம் 6.4 செ.மீ. விட்பி மட்ஸ்டோன் ஃபார்மேஷன், ஆலம் ஷேல் மெம்பர். கீழ் ஜுராசிக், டோர்சியன், பைஃப்ரான்ஸ் மண்டலம். சால்ட்விக் பே, விட்பி அருகே, வடக்கு யார்க்‌ஷைர், இங்கிலாந்து. கரையில் கிடந்த உருண்டை, அடுக்கிலிருந்து நேராக எடுத்ததல்ல. எடுத்த மாதம், ஆண்டு, எடுத்தவர் பெயர். ஏர் பென், மெழுகுப் பூச்சு. வாய்ப்பக்கம் சயனோஅக்ரிலேட்டால் (சூப்பர் க்ளூ) ஒட்டியது. எண் 14.

'கரையில் கிடந்தது' என்ற வரியை விட்டுவிடாதீர்கள். விழுந்த கல்லுக்கு அடுக்கு என்பது ஊகம். அதை நேராக அடுக்கிலிருந்து எடுத்ததுபோல் எழுதினால் பின்னால் ஒருவர் அதை வைத்துத் தவறான முடிவுக்கு வருவார். மெழுகும் அப்படித்தான், விட்பி அம்மோனைட்டுகளின் பளபளப்புக்குப் பல நேரம் மெழுகுதான் காரணம், வாங்குபவர் அதை இயல்பான நிறம் என்று நினைக்கக்கூடாது.

அந்த எண்ணைக் கல்லிலும் எழுதுங்கள். பின்பக்கம் ஒரு பொட்டு பாரலாய்ட் பூசி, காய்ந்ததும் மெல்லிய நிறமிப் பேனாவால் எழுதி, மேலே இன்னொரு பூச்சு. அழிக்க வேண்டுமென்றால் அசிட்டோன் போதும். எதிர்த்தரப்பு தரும் பழைய லேபிள்களையும் கேட்டு வாங்குங்கள், கையெழுத்து புரியாவிட்டாலும் கிழிந்திருந்தாலும். உங்கள் புதுச் சீட்டைக் கூடவே வையுங்கள், பழையதை எறியாதீர்கள்.

ஒன்டாரியோ_தமிழன்

அரியலூர் கேட்டவருக்கு மறுமொழி இல்லை எண்டுதான். அரியலூர் இருக்கிற காவிரிப் படுகையின்ர கிரெட்டேசியஸ் காலத்து அம்மோனைட்டை 1840களிலேயே சேர்த்து லண்டனுக்கு அனுப்பினவை. பிறகு ஸ்டோலிச்கா எண்ட நிலவியலாளர் அதை விரிவா விவரிச்சார். அதால பேர் பெரிசு, கேக்கிற ஆக்களும் கூட. ஆனா அரியலூர்ச் சுண்ணாம்புக் குவாரிகள் சிமெந்து நிறுவனங்களின்ர கையில, உள்ள போக அனுமதி வேணும். பெரம்பலூர்ப் பக்கம் சாத்தனூர்க் கல்மரமும், விழுப்புரத்துத் திருவக்கரையும் தேசிய நிலவியல் சின்னங்கள், ஒரு சில்லும் எடுக்கக் கூடாது. ஊரில இருக்கிற ஆரையும் 'ஒண்டு பொறுக்கி அனுப்பு' எண்டு மாட்டிவிடாதேங்கோ. அவருக்கு ஆசை எண்டா லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில இருக்கிற பழைய சேகரிப்பின்ர பதிவுகளைப் பாக்கட்டும்.

இதே எச்சரிக்கை வேற நாட்டுப் பொருளுக்கும் இருக்கு. பிரேசில் 1942ஆம் ஆண்டுச் சட்டப்படி ஃபாசில் எல்லாம் அரசுக்குச் சொந்தம், மொங்கோலியாவும் அப்படி. சீனாவில இருந்து முதுகெலும்பி ஃபாசில் வெளிய வாறது கட்டுப்பாட்டுக்குள்ள. பிரேசிலின்ர க்ராட்டோ மீன், டைனோசர் முட்டை எண்டு ஆரும் மாத்துக்கு நீட்டினா, எவ்வளவு வடிவா இருந்தாலும் கை வையாதேங்கோ. பழைய சேகரிப்பில இருந்தது எண்டு சொன்னா, தடைக்கு முந்தின திகதி போட்ட கடதாசியைக் கேளுங்கோ.

உங்கட டாக்டிலியோசெரஸுக்கு இங்க ஒன்டாரியோ ஆர்கோனாவின்ர மியூக்ரோஸ்பிரிஃபர் (சிப்பி மாதிரி ரெண்டு ஓடுள்ள கடல் உயிர்) வேணுமெண்டாலும் சொல்லுங்கோ. டெவோனியன் காலத்தது, இறக்கை ரெண்டும் முறியாதது, மண் கழுவி உலர்த்தினது, லேபிளோட இருக்கு. ஒண்டுக்கு நாலு எண்டு வைக்கலாம்.